எஸ்காஃப்லோனே படத்தில் ஹிதோமியை ஏன் இப்படி மாற்றிவிட்டார்கள்?

கேள்வி:
போன மாதம்தான் எஸ்காஃப்லோனே என்ற ஜப்பானிய அனிமே தொடரின் 26 எபிசோடையும் பார்த்து முடித்தேன். முடித்த பிறகு இரண்டு நாள் வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. 1996-இல் வந்த தொடர் என்று நம்பவே முடியவில்லை. அந்தச் சூட்டோடு 2000-இல் வந்த படத்தையும் போட்டேன், பாதியிலேயே நெஞ்சு கனத்துவிட்டது. தொடரின் முதல் எபிசோடில் கதாநாயகி ஹிதோமி எப்படி வருகிறாள் என்று நினைவிருக்கிறதா? நூறு மீட்டரை 13 விநாடியில் ஓடிவிட்டால் எனக்கு முதல் முத்தம் தர வேண்டும் என்று பள்ளியில் தனக்குப் பிடித்த அமானோவிடம் கேட்டுவிட்டு ஓடுகிற பெண் அவள். அந்த ஓட்டத்தின் நடுவில்தான் ஒளியோடு வேறு உலகத்து இளவரசன் வான் வந்து நிற்கிறான். படத்தில் அதே பெண் பள்ளி மொட்டைமாடியில் படுத்துக் கிடக்கிறாள், இப்படியே காணாமல் போய்விட்டால் போதும் என்றிருக்கிறாள். வான், வாள்வீரன் அல்லன், ஹிதோமி மூவருக்கும் நடுவில் இருந்த அந்தக் காதல் தவிப்பும் இல்லை, அல்லன் வருகிறான் போகிறான், அவ்வளவுதான். தொடரை உயிராக நேசிக்கிறவர்கள் இந்தப் படத்தை எப்படிப் பார்க்கிறீர்கள்? கோபம் இல்லை, வருத்தம்தான்.

பதில் 1:
நான் படத்தைத்தான் முதலில் பார்த்தேன், அதனால் எனக்கு அந்த வருத்தம் வரவில்லை. ஆனால் தொடரைப் பார்த்த பிறகு படம் இன்னும் பிடித்துப்போனது. தொடரில் ஹிதோமியின் சக்தி எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அவள் குறி பார்க்கும் டாரட் சீட்டில் மட்டும் இல்லை. அவள் எதை நினைத்துப் பயப்படுகிறாளோ அதுவே நடக்க ஆரம்பிக்கிறது, அது புரிந்ததும் தன் மனதைப் பார்த்தே அவளுக்குப் பயம் வந்துவிடுகிறது. படம் அந்த ஒரு நூலை மட்டும் பிடித்து இழுக்கிறது. மறைந்துபோக வேண்டும் என்று ஏங்குகிறவளின் துக்கம்தான் அவளைக் கையா என்ற அந்த வேறு உலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அங்கே அவளுக்குக் கிடைக்கிற வானோ எல்லோரையும் இழந்துவிட்டு வெறுப்பை மட்டும் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கும் ஒருவன். இரண்டு பேருக்கும் ஒரே நோய்தான். இதில் அல்லனுக்கு எங்கே இடம் கொடுப்பது, சொல்லுங்கள்? அந்த வயதில் எனக்கும் காலையில் எழுந்திருக்கவே பிடிக்காத ஒரு காலம் இருந்தது, அப்போது பார்த்ததால் அந்த மொட்டைமாடி என்னை விட்டுப் போகவே இல்லை.

பதில் 2:
முதல் பதிலோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். தொடரில் ஃபானேலியா, அஸ்டூரியா, சைபாக் என்று நாடு நாடாக விரியும் போரை ஒன்றரை மணி நேரத்தில் அடக்க நினைத்திருந்தால் காட்சிகளை வெட்டி ஒட்டிய சுருக்கம்தான் மிஞ்சியிருக்கும். தொடரை இயக்கிய கசுகி அகானேவே படத்தையும் இயக்கினார், அவரே பழையதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார், அதை நான் மதிக்கிறேன். வான் ஏறி ஓட்டுகிற அந்த எஸ்காஃப்லோனேவையே எடுத்துக்கொள்ளுங்கள்: தொடரில் அது டிராகனின் இதயக்கல்லால் இயங்கும் இயந்திரம், டிராகன் உருவத்துக்கும் மாறும். படத்தில் அது ஓட்டுகிறவனின் இரத்தத்தைக் குடிக்கும் உயிருள்ள கவசம். அதற்குள் வான் ஏறும்போது எனக்கே உடம்பு கூசியது. ஆரம்பத்தில் வான் தனி ஆளாக ஆகாயக் கப்பலுக்குள் புகுந்து வெட்டிச் சாய்க்கிற காட்சியில் வசனம் ஏறக்குறைய இல்லை, ஆனால் அவன் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. அப்போதுதான் தொடங்கியிருந்த போன்ஸ் ஸ்டுடியோவின் உழைப்பு அது. அப்புறம் அந்த மூக்கு! தொடரின் நீளமான கூர்மூக்குகளை வரைந்த நொபுதெரு யூகியேதான் படத்தின் முகங்களையும் வரைந்தார், ஒரே கை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

வானின் அண்ணன் ஃபோல்கன் விஷயத்தில் மட்டும் என்னால் சமாதானம் ஆக முடியவில்லை. தொடரில் அவன் செய்வது எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு நியாயமும் வேதனையும் இருக்கும், தம்பியைப் பார்க்கும் பார்வையிலேயே அது தெரியும். படத்தில் அரியணை கிடைக்காத அண்ணனின் வெறுப்பு மட்டும்தான் மிச்சம். அது இழப்புதான், நேரம் போதவில்லை என்று சொல்லி மூடிவிட முடியாது.

பதில் 3:
யாருமே இசையைப் பற்றிச் சொல்லவில்லையே! யோகோ கன்னோவும் ஹாஜிமே மிசோகுச்சியும்தான் இரண்டுக்கும் இசை. ஹிதோமிக்குக் குரல் கொடுத்த மாயா சகாமோட்டோவுக்குத் தொடர் ஆரம்பித்தபோது 16 வயது. படம் வந்தபோது 20. தொடரின் தொடக்கப் பாடலைப் பாடியதும் அவர்தான், படத்தின் முடிவுப் பாடலைப் பாடியதும் அவர்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், நடுவில் ஒரு பெண் வளர்ந்திருப்பது காதிலேயே தெரியும். டப்பிங்கில் பார்த்திருந்தால் தயவுசெய்து ஒருமுறை ஜப்பானிய மொழியில் பாருங்கள்.

கேட்டவர்:
டப்பிங்கில்தான் பார்த்தேன். நீங்கள் சொன்னதும் ஜப்பானிய மொழியில் மொட்டைமாடிக் காட்சியை மட்டும் போட்டுப் பார்த்தேன், அப்புறம் தொடரில் அமானோவிடம் பந்தயம் கேட்கும் இடத்தையும் போட்டேன். அங்கே மூச்சு முட்டப் பேசுகிற அதே குரல் இங்கே வார்த்தையை முடிக்கவே தெம்பில்லாமல் நிற்கிறது. அது வேறு பெண் என்று நினைத்துத்தான் வருத்தப்பட்டேன், இப்போது அப்படித் தோன்றவில்லை. ஃபோல்கன் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். படத்தை இன்று இரவு முதலிலிருந்து பார்க்கப் போகிறேன்.