புதுப்பிப்பு: மக்காச்சோளத்தில் என் கணக்கு தப்பிவிட்டது

ஆகஸ்ட் 12, 2025, மாலை: "சிகாகோ முன்பேரச் சந்தையில் மக்காச்சோள விலை இன்று பெரிதாக அசையாது, விளைச்சல் ஏக்கருக்கு 184 புஷல் (அமெரிக்கத் தானிய அளவு) பக்கம்தான் வரும்" என்று காலையில் எழுதியிருந்தேன். அமெரிக்க வேளாண் துறை சொன்னது 188.8! ஜூலையில் 181. போதாததற்கு விதைப்புப் பரப்பையும் 97.3 மில்லியன் ஏக்கருக்கு ஏற்றிவிட்டார்கள். அதை நான் யோசிக்கவே இல்லை. டிசம்பரில் சரக்கு தருவதற்கான முன்பேர ஒப்பந்தம் புஷலுக்கு 4 டாலருக்குக் கீழே முடிந்தது. ஒப்பந்தத்துக்கு 5,000 புஷல், அதனால் விலை ஒரு சென்ட் அசைந்தால் 50 டாலர். என் கை சுட்டது சுட்டதுதான்.

சோயா நேர்மாறு: பரப்பு குறைந்தது, விலை ஏறியது.

மாட்டு விலை இறங்காது என்ற என் காலைச் சொல் மாறவில்லை. 2025 ஜனவரிக் கணக்கில் அமெரிக்காவில் இருந்த மாடுகள் 86.7 மில்லியன், 1951-க்குப் பின் மிகக் குறைவு. கால்நடையைத் தாக்கும் சதைதின்னிப் புழுவால் மெக்சிகோ மாடுகளுக்கு எல்லையும் மூடியிருக்கிறது. தீவனமான மக்காச்சோளம் மலிந்தால் கன்று வாங்குபவர் இன்னும் கூட்டித்தான் கேட்பார். பன்றி விலையை நாளை பார்க்கிறேன்.