பொருள்: முளைப்பாரி – முத்து (முளைவிட்ட விதை) பரப்பும் முன் கவனிக்க வேண்டியவை

சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆடியில் அம்மனுக்குப் பொங்கல் வைக்கும்போது, இருக்கிற இடத்திலேயே முளைப்பாரியும் (அம்மனுக்காக இருட்டறையில் வளர்க்கும் முளைப்பயிர்) எடுக்கலாமா என்று துபாயிலிருந்தும் லண்டனிலிருந்தும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக எடுக்கலாம்.

விதை சரியாக அமைந்தாலே பாதிக் காரியம் முடிந்த மாதிரி. நவதானியம் என்று கட்டி விற்கும் பொட்டலத்தை அப்படியே போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் பழைய சரக்கு. அதில் உள்ள எள்ளும் மொச்சையும் ஒரே வேகத்தில் வளரவும் வளராது. பாசிப்பயறும் தட்டைப்பயறும் முக்கால் பங்கு, மீதிக்கு மொச்சை, சோளம், கம்பு. எல்லாம் முழுசாக, தோலோடு இருக்க வேண்டும். உடைத்த பருப்பு முளைக்காது. அரிசியும் முளைக்காது, நெல்தான் வேண்டும். இப்போதே ஒவ்வொன்றிலும் 50 மணி எடுத்து ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். மூன்று நாளில் 40-க்குக் குறைவாக முளைத்தால் வேறு விதை வாங்கிவிடுங்கள்.

ஓரடி அகல ஓட்டுக்கு (பாரி வளர்க்கும் மண்சட்டி) உலர்ந்த விதை 150 முதல் 200 கிராம் போதும். நெருக்கமாக இருந்தால்தான் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும் என்பது சரிதான். ஆனால் மேலும் மேலும் அள்ளிக் கொட்டினால் காற்றுப் புகாமல் நடுவில் புழுங்கி அழுகும். ஓட்டின் அடியில் மூன்று நான்கு துளை கட்டாயம். அதன்மேல் ஒரு பிடி வைக்கோல், கிடைக்காவிட்டால் தேங்காய் நார். அப்புறம் செம்மண்ணும் பொடித்த காய்ந்த சாணி எருவும் சரிபாதி கலந்து மூன்று விரல் உயரம். பச்சைச் சாணி வேண்டாம். சூடேறி முளையைக் கருக்கிவிடும்.

பயறு 8 மணி நேரம், மொச்சை 12 மணி நேரம் ஊறட்டும். தண்ணீரை வடித்துத் துணியில் கட்டி, முனை வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் பரப்புங்கள். உயரமாக வரும் மொச்சை நடுவில், மற்றவை சுற்றிலும். மேலே எருத்தூள் அரை விரல் கனம் தூவினால் போதும்.

அறை இருட்டாக இருக்க வேண்டும். வெளிச்சம் படாததால் பச்சையம் உண்டாகாது, தண்டு வெளிச்சத்தைத் தேடி நீளும். அந்த வெளிர்மஞ்சள் நிறமும் உயரமும் அப்படித்தான் வருகின்றன. சன்னல் இடுக்கில் ஒளி வந்தால் பாரி அந்தப் பக்கமே சாயும். 28 டிகிரி அளவில் எட்டாம் நாள் ஏறக்குறைய ஓரடி வந்துவிடும். ஏசி ஓடும் அறையிலும் குளிர்நாட்டிலும் வளர்ச்சி மந்தம், இரண்டு மூன்று நாள் முன்னதாகவே முத்துப் பரப்பிவிடுங்கள்.

காலையும் மாலையும் கையால் தெளிப்பதே தண்ணீர். ஊற்றக் கூடாது. மண்ணைக் கிள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், விரலில் நீர் வடியக் கூடாது. வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தால் ஒரு வேளைத் தண்ணீரை நிறுத்தி, கதவைத் திறக்காமல் மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாரி சரியாக வராவிட்டால் வளர்த்த பெண்ணின் சுத்தத்தையும் விரதத்தையும் குறை பேசுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது பெரிய அநியாயம். அழுகினால் தண்ணீர் அதிகம், முளைக்காவிட்டால் விதை பழசு, குட்டையாக நின்றால் குளிர். சட்டியைப் பார்த்துக் காரணம் தேடுங்கள், பெண்ணைப் பார்த்து அல்ல. காப்புக் கட்டும்போதே இதைப் பெரியவர்கள் சபையில் சொல்லிவிட்டால் நல்லது.

எடுக்கிற அன்று ஓரத்தில் நான்கைந்து ஈர்க்குக் குத்தி, பாதி உயரத்தில் பூச்சரத்தைத் தளர்வாகச் சுற்றுங்கள். தலையில் தூக்கும்போது சரியாது. வெயில் தாழ்ந்த பிறகே வெளியே கொண்டு வாருங்கள், இருட்டில் வளர்ந்த தண்டு வெயிலில் அரை மணியில் துவண்டுவிடும். சும்மாடு கனமாக இருக்கட்டும், ஈரமண் சேர்ந்த ஓடு நல்ல பாரம். கும்மி கொட்டும்போது பாரியை நடுவில் இறக்கி வைத்துச் சுற்றி வரலாம்.

கரைக்கும் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஊரில் கண்மாய் உண்டு. நீங்கள் இருக்கும் நாட்டில் ஆற்றிலோ ஏரியிலோ கொட்ட அனுமதி வேண்டியிருக்கலாம். பெரிய அண்டாவில் மஞ்சள்நீர் வைத்து அதில் முக்கி எடுத்து, மண்ணையும் பயிரையும் தோட்டத்துக்கு உரமாகப் போடுங்கள். விதையை ஊரிலிருந்து கொண்டு போவதாக இருந்தால் அந்நாட்டு விதியைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் விதை விஷயத்தில் மிகக் கண்டிப்பு, அங்கேயே வாங்கிக்கொள்வது உத்தமம்.