டிஏபி உரத்தை மேலே தூவினால் வேருக்குப் போகுமா?

கரிசல்காட்டான்: "பஞ்சாபில் கோதுமைக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி போடுகிறார்கள், நாமும் மழை விழுந்ததும் நெல்லுக்குத் தூவலாம்" என்று நேற்று ஒருவர் இங்கே அளந்திருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. அங்கே விதைக்கும்போதே கருவியில் மண்ணுக்குள் இறக்குகிறார்கள். குளிரில் வேர் மெதுவாக ஓடும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மண்ணில் நகராது, அதனால்தான் வேருக்குப் பக்கத்திலேயே வைப்பது. தூவினால் போகாது.

தொண்டிக்கரை: அந்த "ஒருவர்" நான்தான். போன வருஷம் தூவினேன், வாரம் திரும்புவதற்குள் பயிர் கரும்பச்சையாக நின்றது. வந்து பார்த்தீர்களா?

கரிசல்காட்டான்: அது தழைச்சத்து (நைட்ரஜன்) செய்த வேலை, தம்பி. டிஏபியில் நூற்றுக்கு 18 தழை, 46 மணி. பச்சை காட்டியது அந்த 18. அதற்கு யூரியாவே போதுமே! மணிச்சத்தை நம் சுண்ணாம்பு மண் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்த மண்ணில் செய்யும் புழுதி விதைப்புக்கு முன் அடியுரமாகப் போட வேண்டும். தூவினால் போகாது.

தொண்டிக்கரை: நெல் கோதுமை இல்லை. தண்ணீர் நின்றால் மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தும் இளகும், மேல்வேரும் எடுக்கும்.

கரிசல்காட்டான்: நின்றால்! உங்கள் கண்மாய் பெருகி எத்தனை வருஷம்? இன்னொன்று, கோதுமைக்கு முழு அளவு போட்டிருந்தால் அடுத்த நெல்லுக்கு மணிச்சத்தே வேண்டாம் என்பது லூதியானாவில் இருக்கும் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதைச் சொல்லாமல் மூட்டைக் கணக்கை மட்டும் தூக்கிவந்தீர்கள்.

உச்சிப்புளி மணல்: எல்லார் நிலமும் கரிசலா அண்ணே? இங்கே மணல். அதோடு 1350 ரூபாய் டிஏபி கேட்டால் கடைக்காரர் வேண்டாத டப்பா ஒன்றையும் தலையில் கட்டுகிறார். அதைப் பேசுங்கள்.

முண்டு மிளகாய்: டிஏபி டிஏபி என்று கொட்டினால் துத்தநாகம் குறைந்து இலை வெளுக்கும். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16தான் இருக்கிறது, ஆனால் கந்தகமும் சேர்ந்து வரும். எங்கள் அப்பா, ராத்திரி வயலில் ஆட்டை அடைத்து எரு சேர்க்கும் ஆட்டுக்கிடையோடு நிறுத்திக்கொண்டார்.

தொண்டிக்கரை: உங்கள் அப்பா காலத்து விளைச்சலையும் சொல்லுங்களேன். போன வருஷம் நீங்கள் சொன்ன விதையை வாங்கிப் பாதி முளைக்கவில்லை, மறக்கவில்லை.

முண்டு மிளகாய்: ஈரமில்லாமல் விதைத்தது நீங்கள். பழி எனக்கா?

கரிசல்காட்டான்: விதைச் சண்டை அப்புறம். தூவினால் போகுமா, போகாதா? மண்ணைப் பரிசோதித்த அட்டை இருந்தால் இங்கே போடுங்கள்.

தொண்டிக்கரை: அட்டை பரணில் கிடக்கிறது. ஐப்பசியில் தூவத்தான் போகிறேன்.

கரிசல்காட்டான்: தூவுங்கள். போகாது.

உச்சிப்புளி மணல்: கிடை போட ஒரு ராத்திரிக்கு இப்போது என்ன கேட்கிறார்கள்?