சைட்டை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனியை மாற்றியபோது உங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்

நெய்தல்காரன்:
சைட் என் மாமனாருடையது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 2006-இலிருந்து வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளில் இலக்கணக் கட்டுரைகள் எழுதுகிறார். பணம் கட்டுவது மட்டும் என் வேலை. பழைய கம்பெனி ரினியூவலுக்கு என்ன கேட்டிருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். புதிய கம்பெனிக்காரர்கள் "நாங்களே இலவசமாக மாற்றித் தருகிறோம்" என்றார்கள், மாற்றினார்கள், "மைக்ரேஷன் முடிந்தது" என்று மெயிலும் வந்தது.

மறுநாள் விடியற்காலை மாமா போன். "மாப்ளே, என் கட்டுரை பூரா வட்டத்துக்குள்ள ஆர் போட்டு வருது. யாராச்சும் ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்களா?"

திறந்து பார்த்தேன். தலையில் கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி ஏ, மறுபடி ஆர், பக்கம் பக்கமாக. அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அந்தக் குறியை ஊறுகாய் பாட்டிலில் பார்த்திருக்கிறார். தன் நன்னூல் விளக்கத்தை எவனோ ட்ரேட்மார்க் வாங்கிவிட்டான் என்று நிஜமாகவே நம்பி, வக்கீல் யாரையாவது தெரியுமா என்று அடுத்த கேள்வி கேட்டார்.

சப்போர்ட்டில் கேட்டால் "எங்கள் பக்கம் சைட் சரியாகத் திறக்கிறது" என்று பதில். அவர்கள் பார்த்தது மெனுவை. மெனு ஆங்கிலத்தில் இருந்தது. காரணம் பிறகு தெரிந்தது. அந்தக் காலத்து டேட்டாபேஸ் டேபிள்கள் ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 என்று பெயர் போட்டுக்கொண்டு உள்ளே யுனிகோடு தமிழை வைத்திருந்தன. இவர்கள் அந்தப் பெயரை நம்பி, யுனிகோடின் சேமிப்பு வடிவமான யுடிஎஃப்-8-க்கு மறுபடி 'மாற்றி'விட்டார்கள். அது புரிவதற்குள் பழைய கணக்கை மூடியாயிற்று. இருந்த பிரதியில் அதே மாற்றத்தைத் தலைகீழாகச் செய்ததில் முக்கால்வாசி தமிழ் வந்துவிட்டது. ஆனால் மெய்யெழுத்துப் புள்ளிகளும் உகரமும் வரவில்லை, அந்த இடங்களில் எல்லாம் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி. 'ஒற்று மிகும் இடங்கள்' என்று ஒரு நீளமான கட்டுரை இருக்கிறது. அதில் இன்றைக்கு ஒரு ஒற்றுகூடக் கிடையாது.

கூந்தன்குளம்:
என்னுடையது எழுத்துப் பிரச்சினை இல்லை, பணப் பிரச்சினை. பணம் இருந்தும் போகாத பிரச்சினை.

2021 அக்டோபர் 1-க்கு அப்புறம் ரிசர்வ் வங்கி விதியால் கார்டிலிருந்து மாதாமாதம், வருடாவருடம் தானாகப் போகிற பணமெல்லாம் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? வங்கியில் புதிதாக அனுமதி பதிவு செய்திருக்க வேண்டும், வெளிநாட்டுக் கம்பெனிகள் பலவற்றுக்கு அப்போது அந்த ஏற்பாடே இல்லை. என் டொமைனும் (சைட்டின் முகவரிப் பெயர்) ஹோஸ்டிங்கும் ஒரே கார்டில் ஓடின. முதலில் ஹோஸ்டிங் நின்றது. "உங்கள் டொமைனுக்குப் பணம் வரவில்லை" என்ற மெயில்கள் எல்லாம் அந்த ஹோஸ்டிங்கில் இருந்த மெயில்பெட்டிக்குப் போயின. யார் படிப்பது?

கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர் வரிசையிலிருந்து பெரியப்பா சத்தமாகக் கேட்கிறார்: "ஏண்டா, உன் பறவை சைட்டுல சீட்டாட்டமெல்லாம் போட்டிருக்கியே, வருமானம் நல்லா வருதா?" மொத்த வரிசையும் என்னைப் பார்த்தது. போனை எடுத்துத் திறந்தால், பூநாரைப் படம் இருந்த இடத்தில் ரம்மி விளம்பரம். டொமைன் காலாவதியாகி, விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள்.

டாட்காம் என்பதால் மீட்டெடுக்க ரிடெம்ப்ஷன் என்ற 30 நாள் வாய்ப்பு இருந்தது. அதற்கான அபராதம் டொமைனின் வருடக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. கட்டி மீட்டேன். சொந்தக்காரர்கள் வட்டாரத்தில் நான் இன்றைக்கும் ரம்மிக்காரன்தான்.

சர்வர்தாத்தா:
நெய்தல்காரன், உங்கள் புள்ளி எங்கே போனது என்று சொல்கிறேன். யுனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் 3 பைட். பதினாறடிமான எண்ணில் சொன்னால், புள்ளியின் கடைசி பைட் 8டி, உகரக் குறியின் கடைசி பைட் 81. உங்கள் டேட்டாபேஸ் லத்தீன்1 என்று சொல்வது உண்மையில் விண்டோஸ்-1252 என்ற எழுத்துப் பட்டியல், அதில் 5 இடங்கள் காலி. இந்த இரண்டும் அந்தக் காலி இடத்தில் விழுகின்றன. ஏ, ஐ என்ற உயிரெழுத்துகளும் அப்படித்தான், தேடிப் பாருங்கள், அவையும் போயிருக்கும். மைஎஸ்க்யூஎல் என்ற அந்த டேட்டாபேஸ் இந்தக் காலி இடங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். நடுவில் வேறு ஏதோ கருவியில் திறந்து சேமித்திருக்கிறார்கள், அது "தெரியாத எழுத்து" என்று தூக்கி எறிந்துவிட்டது. போனது புள்ளியா உகரமா என்று இனி எந்த மென்பொருளாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மாமனாரை உட்காரவைத்துத்தான் திருத்த வேண்டும். அதற்கு முன்னால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைப் போட்டுப் பாருங்கள். பழைய சைட் என்றால் பிரதி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஆனால் ஒன்று, இலவச மைக்ரேஷன் என்று வாங்கினால் இப்படித்தான்.

என் அனுபவம் சின்னது. 2018 ஜூலையில் குரோம் எச்டிடிபி சைட்டுகளை எல்லாம் "பாதுகாப்பற்றது" என்று காட்டத் தொடங்கியபோது, பழைய இடத்தில் பாதுகாப்பான இணைப்புக்கான (எச்டிடிபிஎஸ்) சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிற ஒன்றுக்கு! அன்றைக்கே வெளியே வந்தேன். அவ்வளவுதான்.

மாற்றப்போகிற மற்றவர்கள் இதைக் கேளுங்கள். மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே டிஎன்எஸ்ஸில் (எந்த டொமைன் எந்த சர்வரில் என்று சொல்லும் பதிவுகள்) டிடிஎல் எவ்வளவு என்று பாருங்கள், பழைய பதிலை எத்தனை வினாடி நினைவில் வைக்கலாம் என்ற எண் அது. பல இடங்களில் 86400 என்று இருக்கும், அதாவது முழு நாள். அதை 300 ஆக்கிவிட்டு, பழைய மதிப்பின் காலம் முடிந்த பிறகு சர்வரின் எண் முகவரியான ஐபியை மாற்றினால் ஐந்து நிமிடத்தில் ஊர் முழுக்கப் புது சர்வர். மாற்றாமல் விட்டால் பாதிப் பேர் பழைய சர்வரில் கமெண்ட் போடுவார்கள், அது புது டேட்டாபேஸுக்கு வராது. டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றுகிறீர்கள் என்றால், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளை ஒன்றுவிடாமல் நகலெடுங்கள்; சைட் வந்துவிட்டது என்று சந்தோஷப்படும்போது மெயில் செத்திருக்கும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் "முழு பேக்கப்" என்று ஒன்று இருக்கும். அதை நீங்களே திரும்ப ஏற்ற முடியாது, புது ஹோஸ்டிங்காரர்தான் ஏற்ற வேண்டும், அதனால் டேட்டாபேஸையும் கோப்புகளையும் தனித்தனியாகவும் இறக்கிக்கொள்ளுங்கள். "அன்லிமிடெட்" என்று விற்கிற இடத்தில் ஐநோடு வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும், பேரேடுபோல் படங்களைச் சேர்க்கிறவர்கள் அதில்தான் மாட்டுவார்கள். தமிழில் பெயர் வைத்த படங்களை விண்டோஸில் ஜிப் செய்து லினக்ஸில் பிரித்தால் பெயர்கள் சிதையலாம், லினக்ஸ்காரர்களின் டார் கோப்பாகக் கட்டுங்கள். இதற்கெல்லாம் சோம்பல் என்றால் நல்ல விபிஎஸ் (உங்கள் கையில் முழுப் பொறுப்பும் இருக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்று எடுத்து நீங்களே பாருங்கள். மலிவு ஹோஸ்டிங்கில் கிடந்து புலம்பாதீர்கள்.

கூந்தன்குளம்:
தாத்தா, என் சைட் ரம்மி ஆனதற்கு டிடிஎல் காரணமில்லை. மலிவும் காரணமில்லை, நான் இருந்தது விலை கூடிய இடம்.

வடமராட்சி_டொராண்டோ:
எங்கட ஊருக்கான இணையப் பக்கம் ஒன்றை 2001 முதல் நான்தான் தனியாக நடத்துகிறேன். கோயில் திருவிழாப் படங்கள், பள்ளிக்கூடச் செய்திகள், மரண அறிவித்தல்கள். எல்லாம் பாமினி எழுத்துருவில். அது யுனிகோடு இல்லை என்பதும், அடியில் கிடப்பது ஆங்கில எழுத்துகள்தான் என்பதும் இங்கு எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வாசகர்களின் கணினியில் பாமினி இல்லாவிட்டாலும் தெரிய வேண்டும் என்பதற்காக, மைக்ரோசாப்டின் வெஃப்ட் என்ற கருவியால் ஈஓடி என்ற எழுத்துருக் கோப்பு செய்து பக்கத்தோடு இணைத்திருந்தேன். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் வேலை செய்யும். அப்போது சனம் பாவித்ததும் அதைத்தான்.

இலவசமாக இடம் தந்த சேவையை மூடினார்கள். கோப்புகளை எல்லாம் இறக்கி, காசு கட்டி வேறிடத்தில் புது முகவரியில் ஏற்றினேன். ஒன்றும் குறையவில்லை.

சுவிஸிலிருந்து ஒரு அக்கா தொலைபேசி எடுத்தார். தகப்பனின் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) அடிக்க, பழைய அறிவித்தலைத் திறந்திருக்கிறார். "தம்பி, அப்பான்ர பேர் இருந்த இடத்தில இங்கிலீஸ் எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்குது. எங்கட அப்பாக்கு ஆரும் ஏதும் செய்துபோட்டாங்களோ?" பாமினியில் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் விசை. அதனால் புள்ளி வைத்த எழுத்து வரும் இடமெல்லாம் ஒரு அரைப்புள்ளி. அவருக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது?

கோப்பு அங்கேயே இருந்தது. ஆனால் ஈஓடி கோப்பைச் செய்யும்போதே எந்த முகவரியில் வேலை செய்யலாம் என்று உள்ளே எழுதிவிடும். பழைய முகவரிக்குக் கட்டிப்போட்ட எழுத்துரு, புது முகவரியில் வாய் திறக்க மறுத்துவிட்டது. திரும்பச் செய்யாமல் எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றினேன். எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டதும் தமிழ் எல்லாம் தமிழாகியது, தொலைபேசி இலக்கங்கள் தப்பின. ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளும் தமிழாகிவிட்டன! உச்சரிக்க முடியாத தமிழ். இப்போதும் எங்கேயாவது ஒரு மூலையில் ஒன்று கிடந்து யாராவது எழுதிக் கேட்பார்கள், இது எந்த ஊர் என்று.

அந்த அக்காவின் பக்கத்தைத்தான் முதலில் திருத்தினேன். கல்வெட்டு அதற்குள் அடித்தாயிற்று.

கடைத்தெரு:
தாத்தாவின் விபிஎஸ் யோசனைக்கு ஒரு சின்ன எதிர்ப்பு. விலையைக் கொட்டினால் பத்திரம் என்பதே தப்பு. 2021 மார்ச் 10-ஆம் தேதி ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச்சின் தரவு மையம் எரிந்ததே, ஒரு கட்டடம் முழுசாகப் போயிற்று, ஐரோப்பாவின் பெரிய கம்பெனிகளில் ஒன்று அது. பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து போயின. பேக்கப் உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறதா என்று கேளுங்கள், எந்தக் கம்பெனி என்று அப்புறம் கேட்கலாம். ஊரில் நாலு கட்டுரை எழுதுகிறவருக்கு எதற்கு விபிஎஸ்? அதை யார் வாராவாரம் அப்டேட் செய்வது?

நான் வேர்ட்பிரஸையே விட்டுவிட்டு, பக்கங்களை முன்கூட்டியே செய்துவைக்கும் ஹியூகோவுக்கு வந்தேன். டேட்டாபேஸ் இல்லை, பிஎச்பி இல்லை, கிட்ஹப் பேஜஸ் தரும் இலவச இடத்தில் சும்மா கிடக்கிறது. அந்த மாற்றத்தில் நடந்ததுதான் இன்னும் குடைகிறது.

எங்கள் டவுனில் மருத்துவமனை பற்றி ஒரு புரளி. அதை மறுத்து 'ஊர் மருத்துவமனை மூடப்படவில்லை' என்று எழுதியிருந்தேன், வாட்ஸ்அப்பில் நன்றாகச் சுற்றியது. வேர்ட்பிரஸ் முகவரியில் 200 எழுத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் சதவீதக் குறியோடு சேர்த்து 9 எழுத்து பிடிக்கும், அதனால் 22 குறிக்குள் வெட்டிவிடும். என் கட்டுரையின் முகவரி 'ஊர்-மருத்துவமனை-மூடப்படவ' என்று நின்றுபோயிருந்தது. ஹியூகோ அந்த மாதிரி வெட்டவில்லை, முழுத் தலைப்பையும் முகவரியாக்கியது. ஆக, வாட்ஸ்அப்பில் சுற்றிய பழைய லிங்க் எல்லாம் 404, அதாவது 'பக்கம் இல்லை'.

டீக்கடையில் பழக்கமான ஒருத்தர் தோளில் கைபோட்டு, ரகசியமாகக் கேட்டார்: "கட்டுரையைத் தூக்கிட்டீங்களாமே, எவ்ளோ குடுத்தாங்க?" நான் வெட்டுப்பட்ட முகவரி, 404 என்று விளக்க விளக்க அவர் சிரிப்பு அகலமாகிக்கொண்டே போனது. "சரி சரி, சொல்ல வேணாம்" என்று டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார்.

பழைய முகவரிக்கு வருகிறவரை சர்வரே புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் கிட்ஹப்பில் கிடையாது. ஹியூகோவில் ஏலியஸ் என்ற வசதியால் பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிப் பக்கம் வைத்தேன், லிங்க் உயிர்பெற்றது. ஆனால் டீக்கடையில் அது எடுபடவில்லை. "திரும்பப் போட்டுட்டீங்களே, பணம் வரலையா?"

சர்வர்தாத்தா:
ஏலியஸ் வெறும் மெட்டா ரிஃப்ரெஷ், பக்கம் திறந்த பிறகு பிரவுசர்தான் திரும்புகிறது. சர்வரே நிரந்தரமாகத் திருப்பிவிடும் சரியான 301 வேண்டும் என்றால் கிட்ஹப் பேஜஸ் போதாது, விபிஎஸ்ஸில் செய்யலாம். விபிஎஸ் என்று சொன்னால் ஏன் எல்லோருக்கும் கோபம் வருகிறது?

முகப்புப்பக்கம்:
மேலே எல்லோருக்கும் டொமைனாவது சொந்தம். எனக்கு அதுவும் இல்லை.

என் பெயரிலேயே டாட்இன் டொமைன். ஓவியங்கள் போடுகிற சைட். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஒரு வெப் டிசைனர் தம்பிதான் செய்துகொடுத்தார், நல்ல பையன், வருடாவருடம் அவரிடம்தான் பணம் கொடுப்பேன். சைட் ரொம்ப மெதுவாகிவிட்டது என்று வேறு ஹோஸ்டிங் பார்த்தேன். டொமைனையும் மாற்ற ஆத் கோடு என்ற அனுமதிக் குறி வேண்டும் என்றார்கள். தம்பிக்கு போன் செய்தேன். குரலில் துளி சூடு இல்லை, அவ்வளவு மரியாதை.

"அண்ணே, சைட் உங்களுது. ஆனா டொமைன் என் பேர்ல இருக்குண்ணே."

எவ்வளவு வேண்டும் என்றால் "ஐயோ, பணமெல்லாம் வேணாம்ணே" என்கிறார். கோடு அனுப்பு என்றால் "பார்க்கிறேண்ணே" என்கிறார். பண்டிகைக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறார். பணம் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஹோஸ்டிங்கை மாற்றிவிட்டேன், ஓவியங்கள் எல்லாம் புது சர்வரில் தயாராக இருக்கின்றன. நேம்சர்வரை மாற்ற அவர் மனசு வைக்க வேண்டும்.

சர்வர்தாத்தா:
டாட்இன் என்றால், அந்தப் பெயர்களைக் கவனிக்கும் நிக்ஸி நடத்துகிற ஐஎன்டிஆர்பி என்ற தகராறு முறை இருக்கிறது. அந்தப் பெயரில் உங்களுக்கு உரிமை உண்டு என்றும், எதிராளி கெட்ட எண்ணத்தோடு வைத்திருக்கிறார் என்றும் காட்ட வேண்டும், நடுவர் முடிவு செய்வார். கொடுத்த பணத்துக்கு ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

முகப்புப்பக்கம்:
வாழ்த்து அனுப்புகிற பையனிடம் கெட்ட எண்ணத்தை எங்கே போய்க் காட்டுவது, சார்? அடுத்த மாதம் அவருக்குக் கல்யாணம், பத்திரிகை வந்திருக்கிறது. போகிறேன். மேடையில் போட்டோ எடுக்கும்போது கோடு கேட்பேன், பெண்வீட்டார் முன்னால் "பார்க்கிறேண்ணே" என்று சொல்கிறாரா பார்க்கலாம்.