செயின்ட் மார்ட்டின் தீவில் ரைஸ் குக்கர் வேகவில்லை, போன் பில் எகிறுகிறது: உதவி தேவை

சோற்றுப்பானை:
வணக்கம். பாரிஸிலிருந்து அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கரீபியன் கடலில் இருக்கும் செயின்ட் மார்ட்டினுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. விமான நிலையத்துக்குப் பக்கம் என்று முதல் மூன்று இரவுக்கு சிம்ப்சன் பேயில் அறை எடுத்தேன். அதற்கப்புறம் கிராண்ட் காஸில் ஒரு வீடு. "பிரான்ஸ்தானே, எல்லாம் நம் வீட்டில் இருக்கிற மாதிரிதான்" என்று எல்லோரிடமும் சொன்னது நான்தான். இப்போது வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

முதல் சிக்கல், வீட்டிலிருந்து தூக்கி வந்த ரைஸ் குக்கர். பிளக் சேரவில்லை, வரவேற்பில் ஓர் அடாப்டர் தந்தார்கள். விளக்கு எரிகிறது, ஆனால் ஒன்றரை மணி நேரமாகியும் கொதி வரவில்லை. அரிசி ஊறி உப்பிப் போய்க் கிடந்தது. அம்மாவுக்கு ராத்திரி ஒரு பிடி சோறாவது வேண்டும். அதே அடாப்டரில் போன் நன்றாகச் சார்ஜ் ஆகிறது. குக்கர் போய்விட்டதா? இங்கே புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா?

அடுத்தது என் பிரெஞ்சு சிம். அறையில் இருந்தபோது டேட்டாவுக்குக் கட்டணம் என்று குறுஞ்செய்தி மேல் குறுஞ்செய்தி. நேற்று மரிகோ சந்தைக்குப் போனபோது ஒரு காசு ஏறவில்லை. கிராண்ட் காஸ் வீட்டுக்காரரின் எண் 0690 என்று தொடங்குகிறது. இங்கிருந்து அடித்தால் போகவே மாட்டேன் என்கிறது.

மின்கம்பி:
குக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தத் தீவு பிரான்ஸுக்கும் நெதர்லாந்துக்கும் பங்கு; நீங்கள் இருப்பது நெதர்லாந்தின் பங்கு, டச்சுப் பக்கம். அங்கே 110 வோல்ட், அமெரிக்கத் தட்டை முள் பிளக். கிராண்ட் காஸ் பிரெஞ்சுப் பக்கம்; 220 வோல்ட், உங்கள் வீட்டு உருண்டை முள் பிளக். அடாப்டர் முள்ளைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. சூடாக்கும் கம்பிக்கு வோல்ட் பாதியானால் சக்தி கால்வாசிதான். 500 வாட் குக்கர் சுமார் 125 வாட்டில் என்ன செய்யும்? தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். போன் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள், 100-240 என்று போட்டிருக்கும். அதற்கு இரண்டு ஊரும் ஒன்றுதான்.

புதிது வாங்க வேண்டாம். டச்சுப் பக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் 110 வோல்ட் குக்கர்தான் இருக்கும். அதைக் கொண்டுபோய் கிராண்ட் காஸில் செருகினால் நாலு மடங்கு சக்தி ஏறி, சோற்றுக்கு முன்னால் குக்கர் வெந்துவிடும். ஒரே ஓர் இரவு பொறுங்கள், அல்லது அறையில் அடுப்பு இருந்தால் பாத்திரத்தில் வடித்துவிடுங்கள்.

சோற்றுப்பானை:
ஒரே தீவுக்குள்ளா! மரிகோ போகும்போது எல்லை எங்கே வந்தது என்றே தெரியவில்லை. ஒரு பலகை, சில கொடிகள், அவ்வளவுதான். யாரும் நிறுத்தவில்லை.

கப்பல்காரன்:
நிறுத்த மாட்டார்கள். 1648 மார்ச் 23 அன்று போட்ட கான்கார்டியா ஒப்பந்தத்தில் தீவைப் பங்கு போட்டபோதே, இரு பக்க மக்களும் தடையில்லாமல் போய்வரலாம் என்று எழுதிக்கொண்டார்கள். மொத்தமே 87 சதுர கிலோமீட்டர் சொச்சம்; வடக்கே பிரெஞ்சுக்காரருக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு பிரெஞ்சுக்காரரும் ஒரு டச்சுக்காரரும் எதிரெதிர் திசையில் கடற்கரையோரம் நடந்து, சந்தித்த இடத்தில் கோடு போட்டார்கள், டச்சுக்காரர் ஜின் குடித்துத் தள்ளாடியதால் பங்கு குறைந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதைதான். டச்சுக்காரர் கண் உப்பின் மேல் இருந்தது. டச்சுப் பக்கத்து பிலிப்ஸ்பர்க் ஊருக்குப் பின்னால் இருக்கும் பெரிய உப்பு ஏரியைப் பாருங்கள், புரியும். நான் பயணிகள் கப்பலில் வேலை பார்த்தபோது அந்த ஊரில் பல தடவை இறங்கியிருக்கிறேன். ஃப்ரண்ட் ஸ்ட்ரீட் நகைக்கடைகளில் சிந்திக்காரர்கள் நிறைய; இந்தியில் பேரம் பேசலாம், விலை குறையும் என்று நான் சொல்லவில்லை.

போன் விஷயத்துக்கு வருகிறேன். மரிகோ இருக்கிற பிரெஞ்சுப் பக்கம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வருகிறது, அதனால் உங்கள் சிம்முக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. டச்சுப் பக்கம் 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்து முடியரசுக்குள் ஒரு தனி நாடு, ஒன்றியத்துக்கு வெளியே. ரோமிங் டேட்டாவை இப்போதே அணைத்துவிட்டு அறையின் வைஃபையில் இருங்கள். கிராண்ட் காஸ் போனதும் தானியங்கித் தேர்வை எடுத்துவிட்டு, பிரெஞ்சு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் எல்லைப் பக்கம் சுற்றும்போது போன் தானாகவே டச்சுக் கோபுரத்துக்குத் தாவும், பில் மறுபடி ஏறும்.

வீட்டுக்காரருக்கு முதல் பூஜ்யத்தை விட்டுவிட்டு +590 690 என்று அடியுங்கள். நீங்கள் நிற்கிற பக்கத்தின் குறியீடு +1 721. இரண்டு மேடு தாண்டி இருக்கிற வீட்டுக்கு வெளிநாட்டு அழைப்புதான்.

சோற்றுப்பானை:
+590 போட்டதும் எடுத்துவிட்டார். நன்றி அண்ணா. டேட்டாவையும் அணைத்துவிட்டேன். பணம்? யூரோ மட்டும்தான் வைத்திருக்கிறேன்.

கப்பல்காரன்:
டச்சுப் பக்கம் டாலர் எங்கும் ஓடும். அவர்களுடைய சொந்தப் பணம் 2025 மார்ச் முதல் கரீபியன் கில்டர், நீங்கள் அதைத் தேட வேண்டாம். கிராண்ட் காஸில் யூரோ. அங்கே கடலோரம் லோலோ என்று சின்னச் சுட்ட இறைச்சிக் கடைகள் இருக்கின்றன, பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள்.

சோற்றுப்பானை:
(இரண்டு நாள் கழித்து) கிராண்ட் காஸ் வந்துவிட்டோம். குக்கர் அடாப்டரே இல்லாமல் சுவரில் போய் உட்கார்ந்தது, இருபது நிமிஷத்தில் டிக்கென்று சத்தம். அம்மா லோலோ மீனையும் வாங்கி வரச் சொல்லிச் சோற்றோடு சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை விமானம். கூகுள் அரை மணி நேரம் என்கிறது, ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் போதுமா?

கப்பல்காரன்:
போதாது. மரிகோவிலிருந்து சாண்டி கிரவுண்ட் வழியாகப் போனாலும் சரி, கோல் பே வழியாகப் போனாலும் சரி, காயலின் மேல் ஒரு பாலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எல்லாமே படகுக்காகத் திறக்கிற பாலங்கள். திறந்தால் இரண்டு பக்கமும் வண்டி வரிசையாக நிற்கும். காலையிலேயே பாலம் திறக்கிற நேரத்தை வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், +590 மறக்காமல்.

மின்கம்பி:
அந்த அடாப்டரை வரவேற்பில் திருப்பிக் கொடுத்தீர்களா?

சோற்றுப்பானை:
பையில்தான் இருக்கிறது. போகிற வழியில் கொடுத்துவிடுகிறேன்.