கால்பந்தில் பிள்ளைகளுக்கு ஹெட்டிங் (பந்தைத் தலையால் முட்டுவது) எப்போது, எப்படி?

கேள்வி: 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஹெட்டிங் பழக்கலாமா? பந்து வந்தாலே கண்ணை மூடுகிறார்கள், உச்சந்தலையில் அடிபடுகிறது.

பதில் 1: 9, 10 வயதுக்காரர்களுக்கு இப்போது வேண்டாம். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இல் 10 வயது வரை ஹெட்டிங்கையே நிறுத்தியது. 11 முதல் 13 வரை பயிற்சியில் வாரம் 30 நிமிடம், ஒருவருக்கு 15 முதல் 20 முட்டு, அவ்வளவுதான். எண்ணிக்கையை நோட்டில் குறித்து வையுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள்.

பதில் 2: கண் மூடுவது பயத்தால். ஸ்பாஞ்சு பந்தில் தொடங்குங்கள். பிள்ளையே இரு கையாலும் பந்தைப் பிடித்து நெற்றியில் மெதுவாகத் தட்டட்டும். முடி தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே படவேண்டும். பிறகு தானே மேலே போட்டு முட்டட்டும். அதன்பிறகுதான் நீங்கள் 2, 3 மீட்டரிலிருந்து கீழ்க்கையாகப் போடுவது. வாய் மூடியிருக்கணும், இல்லையென்றால் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். தாடையை உள்ளிழுத்து, கழுத்தை இறுக்கி, இடுப்பிலிருந்து முன்னே வந்து பந்தைச் சந்திக்கணும். கழுத்து தளர்ந்திருந்தால் தலை வெடுக்கென ஆடும், ஆபத்தே அதில்தான். உச்சந்தலையில் படுவது, பந்துக்கு அடியில் ஓடிப்போய் நிற்பதால். அரை அடி பின்னால் நிற்கச் சொல்லுங்கள்.

பதில் 3: நிஜப் பந்துக்கு மாறும்போது 4ஆம் எண் பந்து (பிள்ளைகளுக்கான சிறிய அளவு), காற்று சற்றுக் குறைவாக. நனைந்து கனத்த பந்து கூடவே கூடாது. கோல்கீப்பர் ஓங்கி உதைக்கும் பந்தையும் முட்டவிடாதீர்கள். தலைவலி, கிறுகிறுப்பு, மங்கலான பார்வை, எது தெரிந்தாலும் உடனே வெளியே உட்காரவையுங்கள். அன்றைக்கு மறுபடி இறக்கக் கூடாது, டாக்டரிடம் காட்டுங்கள்.