கம்பெனி ஸ்டீரியோவில் சப்வூஃபர்: வால்யூம் ஏற்றினால் பேஸ் குறைகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். வண்டியோடு வந்த டச் ஸ்கிரீன் ஸ்டீரியோவை மாற்றாமல் 300 வாட் ஆர்எம்எஸ் மோனோ ஆம்ப்ளிஃபயரும் சீல்டு பெட்டியில் 10 இன்ச் சப்பும் போட்டிருக்கிறது. ஸ்டீரியோவில் ஆம்புக்குச் சிக்னல் கொடுக்கும் ஆர்சிஏ அவுட் கிடையாது. அதனால் பின்கதவு ஸ்பீக்கர் வயரிலிருந்து லைன் அவுட் கன்வெர்ட்டர் (ஸ்பீக்கர் சிக்னலை ஆம்புக்கு ஏற்ற அளவுக்குக் குறைக்கும் பெட்டி) வழியாக சிக்னல். (அந்த ஸ்பீக்கரின் மைனஸ் வயரை பாடியில் எர்த் செய்யச் சொல்பவர்களை நம்பாதீர்கள், இரண்டு வயரிலும் சிக்னல் ஓடுகிறது, ஸ்டீரியோவின் அவுட்புட் ஐசி போய்விடும்.) பவருக்கு 8 கேஜ் சுத்தச் செம்பு வயர், பேட்டரியிலிருந்து ஒரு அடிக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ். எர்த், பெயின்ட் சுரண்டிய பாடி போல்ட்டில்.

சிக்கல் இதுதான். ஸ்பீக்கர் வயரில் மல்டிமீட்டர் வைத்து டெஸ்ட் டோன் ஓட்டினால்:

வால்யூம் 15: 1 கிலோஹெர்ட்ஸ் 2.2 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் 2.1
வால்யூம் 25: 1 கிலோஹெர்ட்ஸ் 6, 50 ஹெர்ட்ஸ் 3 மட்டுமே

அதாவது கதவு ஸ்பீக்கர் கிழியாமலிருக்க ஸ்டீரியோவே 6 டெசிபல் பேஸை வெட்டுகிறது. ஆம்ப் கெயினை (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றி ஈடுகட்டினால் குறைந்த வால்யூமில் சப் மட்டும் குமுறுகிறது.

பேஸ் ரெஸ்டோரேஷன் (வெட்டப்பட்ட பேஸை மீட்கும் வசதி) உள்ள டிஎஸ்பி, அதாவது டிஜிட்டல் சிக்னல் ப்ராசசர், இதைச் சீராக்குமா? முன்கதவு வயரில் வெட்டு குறைவாக இருக்குமா? ஸ்டீரியோவையே மாற்றுவது கடைசி வழி. ரிவர்ஸ் கேமராவும் ஸ்டீயரிங் பட்டனும் அதோடு பிணைந்திருக்கின்றன.

இன்னொன்று: ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் வயர், சாவி போட்டால் மட்டும் பவர் வரும் ஏசிசி ஃபியூஸில் இருக்கிறது, சாவியை அணைத்ததும் 'டப்' என்கிறது. ரிமோட் அவுட் உள்ள கன்வெர்ட்டருக்கு மாறினால் போகுமா?